கருவியை அணைத்த பிறகு சொன்னது

கேள்வி:

உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். நினைவிழப்பு நோய் வந்த கணவனையோ மனைவியையோ பல ஆண்டுகள் உடனிருந்து பார்த்துக்கொண்டு, பிறகு அவரைப் பறிகொடுத்தவர்கள்தாம் என் பங்கேற்பாளர்கள். ஒவ்வொருவரையும் பதினான்கு மாதங்களில் ஐந்து முறை நேர்காண வேண்டும். அவர்களில் ஓர் அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. மூன்றாவது நேர்காணல் முடிந்து, ஒலிப்பதிவுக் கருவியை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அவர் ஒன்றைச் சொன்னார். (வாசகி அதை எழுதியிருந்தார். இங்கே நீக்கியிருக்கிறேன்.) அன்றிரவே அதைக் களக்குறிப்பில் எழுதிவிட்டேன். என் ஆய்வு முழுவதிலும் அதற்கு ஈடான ஒரு வாக்கியம் இல்லை.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் என்னைத் தொலைபேசியில் கூப்பிடுகிறார். “கண்ணு, தூங்கிவிட்டாயா?” என்பார். ஒருநாளும் நான் எடுக்காமல் இருந்ததில்லை. என் அம்மா, நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். நான்கு மாதம் கழித்துத்தான் நெறியாளரிடம் இதைச் சொன்னேன். “உடனே தொடர்பைத் துண்டி, இல்லையென்றால் அவரை ஆய்விலிருந்து நீக்கு” என்கிறார். அடுத்த மாதம் ஐந்தாவது, கடைசி நேர்காணல். வாசலில் சொன்னதை ஆய்வேட்டில் பயன்படுத்தலாமா? ஆய்வு முடிந்த பிறகு அவரைப் போய்ப் பார்க்கலாமா? நான் செய்தது தவறா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டையும் அந்தக் கேள்விதான் கலக்கிவைத்திருக்கிறது. தொலைபேசியை எடுத்தது தவறில்லை. எடுப்பதை நான்கு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தது தவறு. உங்கள் கடிதம் (மேலே சுருக்கியிருக்கிறேன்) முதல் விஷயத்துக்கு மூன்று முறை மன்னிப்புக் கேட்கிறது, இரண்டாவதை ஒரே வரியில் தாண்டிப்போகிறது. மனிதர் எல்லோரும் செய்வதுதான். எது உறுத்துகிறதோ அதைவிட, எது சொல்ல வெட்கமாக இருக்கிறதோ அதைத்தான் சிறிய எழுத்தில் எழுதுவோம்.

ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். ஆய்வாளர் கடுமையாக நடந்துகொண்டார் என்று வந்த புகார்கள் எனக்கு நினைவில் மிகக் குறைவு. நல்லவராக, கனிவானவராக, காது கொடுத்துக் கேட்டவராக இருந்த ஆய்வாளர் திடீரென்று காணாமல் போய்விட்டார் என்ற குறைதான் திரும்பத் திரும்ப வரும். அதைப் புகார் என்றுகூடச் சொல்ல முடியாது. “அவர் நலமாக இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்” என்பார்கள். படிக்கும்போது நெஞ்சில் ஏதோ அடைக்கும்.

எல்லையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், எல்லை எதற்காக என்பதைப் பேசிவிடுவோம். தள்ளி உட்கார், சிரிக்காதே, சொந்தக் கதை பேசாதே என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். எதற்கென்று சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால்தான் ஒரு நல்ல மாணவி, அழுதுகொண்டிருக்கும் பெண்மணி எதிரில் மரம்போல உட்கார்ந்திருப்பதா, அல்லது எல்லாவற்றையும் உதறிவிட்டு மகளாகிவிடுவதா என்ற இரண்டே வழிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறாள்.

1962இல் மார்ட்டின் ஆர்ன் என்ற உளவியலாளர் எழுதிய ஒரு கட்டுரையை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். தெரிந்தவர்கள் சிலரிடம் அவர், “எனக்கு ஓர் உதவி செய்வீர்களா?” என்று கேட்டார். செய்கிறேன் என்றதும், ஐந்து தண்டால் எடுக்கச் சொன்னார். அவர்கள் திருப்பிக் கேட்டது: “எதற்கு?” வேறு சிலரிடம், “ஒரு சோதனையில் கலந்துகொள்வீர்களா?” என்று கேட்டுவிட்டு அதே ஐந்து தண்டாலைச் சொன்னார். அவர்கள் திருப்பிக் கேட்டது: “எங்கே?”

இந்த இரண்டு பதில்களுக்கும் இடையில் இருக்கிற தூரம்தான் நம் தொழிலின் மொத்த ஆபத்தும். ஆர்ன் அதோடு நிற்கவில்லை. எதைச் சொன்னால் இவர்கள் மறுப்பார்கள் என்று பார்க்க, முழுக்க முழுக்கப் பொருளற்ற ஒரு வேலையைக் கொடுத்தார். ஒரு தாளில் 224 கூட்டல் கணக்குகள். அப்படி 2,000 தாள்கள். கைக்கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, “செய்துகொண்டே இருங்கள், பிறகு வருகிறேன்” என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போய்விடுவார். ஐந்தரை மணி நேரம் கழித்து, பொறுமை இழந்து கைவிட்டது ஆய்வாளர்தான். அடுத்த கட்டமாக, ஒவ்வொரு தாளையும் முடித்த கையோடு அதைக் குறைந்தது 32 துண்டுகளாகக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுக்கச் சொன்னார்கள். அதையும் மணிக்கணக்கில் செய்தார்கள். பெரிதாகக் கோபப்படவும் இல்லை. இதற்கு ஏதோ ஓர் அர்த்தம் இருக்கும், அது ஆய்வாளருக்குத் தெரியும் என்று நம்பினார்கள்.

அவர்கள் முன்பின் தெரியாத ஓர் ஆய்வாளருக்காக அப்படிச் செய்தார்கள். “கண்ணு” என்று கூப்பிடுகிற ஒருவர் உங்களுக்காக எதைச் செய்யமாட்டார்?

அந்த அம்மா ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்ட நாளை யோசித்துப் பாருங்கள். அன்று நீங்கள் முன்பின் தெரியாத பெண். ‘எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்’ என்ற வரி அன்று உண்மையாக இருந்தது. விலகினால் அவர் இழக்கப்போவது எதுவுமில்லை. இன்று, இரவு நேரத்தில் கூப்பிட்டால் எடுக்கிற ஒரே ஆள் நீங்கள் (கடிதத்தைப் படித்தால் அப்படித்தான் தோன்றுகிறது). இன்றும் அதே வரி அதே காகிதத்தில் இருக்கிறது. ஆனால் அடுத்த மாத நேர்காணல் அவருக்கு வேண்டாம் என்றால், உங்களையும் சேர்த்து வேண்டாம் என்று சொல்வதாக அவருக்குத் தோன்றாதா? மனிதர்மேல் நடத்தும் சோதனைகளுக்காக 1947இல் எழுதப்பட்ட நூரம்பெர்க் நெறிமுறையில் பத்து விதிகள் உண்டு. ஒன்பதாவது, தொடர்வது தன்னால் முடியாத நிலைக்கு உடலோ மனமோ வந்துவிட்டதாகப் பங்கேற்பாளர் உணர்ந்தால், சோதனையை முடித்துக்கொள்ளும் சுதந்திரம் அவருக்கு வேண்டும் என்கிறது. போர்க்கால மருத்துவக் கொடுமைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி. அந்தச் சுதந்திரத்தைக் கொடுமையால்தான் பறிக்க முடியும் என்பதில்லை. பாசத்தாலும் பறித்துவிடலாம், பறித்தது யாருக்கும் தெரியாமலே.

ஆகவே என் அளவுகோல் ஒன்றே ஒன்று. நீங்கள் எவ்வளவு நெருங்கினீர்கள் என்று நான் பார்க்கமாட்டேன். ‘வேண்டாம்’ என்று உங்களிடம் சொல்ல அவர் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பேன். அந்த விலை ஏறிக்கொண்டே போனால், அதைக் குறைப்பது உங்கள் பொறுப்பு.

இதை வைத்துக்கொண்டு வாசலுக்கு வருவோம்.

நேர்காணல் செய்கிற எல்லோருக்கும் இது பழக்கமான அனுபவம். ஒன்றரை மணி நேரம் கேட்டும் வராதது, கருவியை அணைத்தவுடன் வரும். காரணம் பலவாக இருக்கலாம். கருவி ஓடும்போது சொல்லக்கூடாது என்று அவர் காத்திருந்திருக்கலாம். அப்படியானால், அணைந்த பிறகு சொன்னதே அவர் உங்களுக்கு இட்ட நிபந்தனை. அல்லது, போகப்போகிறீர்கள் என்ற அவசரத்தில் வாயில் வந்திருக்கலாம். அல்லது, கருவி அணைந்துவிட்டது என்பதையே அவர் கவனிக்காமல் இருந்திருக்கலாம். எது உண்மை என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான். அவரைக் கேட்காமல் அந்த வாக்கியத்தைத் தொடக்கூடாது.

“பெயரை மாற்றிவிட்டால் போதாதா?” என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும் நினைத்திருப்பீர்கள். போதாது. பெயரை மாற்றினால் வெளியாருக்குத் தெரியாது. அவர் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும், கூடப்பிறந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். அம்மா ஏதோ ஆய்வில் கலந்துகொள்கிறார் என்பது வீட்டுக்கே தெரிந்த விஷயம். நாளை ஆய்வேடு இணையத்தில் ஏறும்போது, அந்த ஒரு வாக்கியத்தின் தொனியிலேயே “இது நம் அம்மா” என்று கண்டுகொள்ள ஒரு மகனால் முடியும். அவர் யாரிடமிருந்து அதை மறைத்தாரோ, அவர்களிடமே மாற்றுப் பெயரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதாகிவிடும்.

எப்படிக் கேட்பது? இரவுத் தொலைபேசியில் கேட்காதீர்கள். கடைசி நேர்காணலின் முடிவில், இருவரும் கண்கலங்கி இருக்கும்போதும் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் வீட்டையே எழுதிக் கேட்டாலும் தந்துவிடுவார். பகலில், நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்னதாக, இப்படி ஏதாவது சொல்லுங்கள்: “மூன்றாவது முறை நான் கிளம்பும்போது வாசலில் ஒன்று சொன்னீர்கள். அது ஒலிப்பதிவில் இல்லை. என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். உங்களைக் கேட்காமல் எழுதியது சரியில்லை. அதை ஆய்வில் சேர்ப்பதா, அழித்துவிடுவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. இப்போதே சொல்லவும் வேண்டியதில்லை.”

பதிலை உங்களிடமே சொல்லும்படி அவரை நிறுத்திவிடாதீர்கள். இதுதான் இந்தக் கடிதத்தில் நான் சொல்ல விரும்பும் மிக நடைமுறையான விஷயம். உங்கள் துறையில் இந்த ஆய்வை அறிந்த இன்னொருவர், அந்த அம்மாவுக்கு எந்த உணர்வுப் பிணைப்பும் இல்லாத ஒருவர், அவரை அழைத்துப் பேசட்டும். வாசலில் சொன்னதைப் பற்றியும், ஐந்தாவது நேர்காணலுக்கு அவருக்கு உண்மையிலேயே விருப்பமா என்பதைப் பற்றியும் அவர் கேட்கட்டும். வாசலில் சொன்னது என்ன என்பது அந்த இன்னொருவருக்குத் தெரியவே வேண்டாம். முகம் தெரியாதவரிடம் மறுப்பது எளிது. உங்கள் முகத்தைப் பார்த்து மறுக்க அவரால் முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

வேண்டாம் என்று பதில் வந்தால், குறிப்பேட்டில் இருப்பதை அடித்துவிடுங்கள். மனத்திலிருந்து அடிக்க முடியாது. அதுவரை ஒலிப்பதிவான மூன்று நேர்காணல்களையும் இனிமேல் வேறு கண்ணோடுதான் படிப்பீர்கள். அதை மறைக்காமல், ஒலிப்பதிவுக்கு வெளியே பேசப்பட்ட எதுவும் அனுமதியின்றித் தரவாகக் கொள்ளப்படவில்லை என்று முறையியல் இயலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வரி எழுதுங்கள். ‘ஒரு பங்கேற்பாளர் ஒரு முக்கியமான செய்தியைச் சொன்னார், அதை வெளியிட முடியாது’ என்று எழுதிவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் அப்படி எழுதிய ஒரு ஆய்வேட்டை நான் படித்திருக்கிறேன். ரகசியம் எந்த வீட்டில் இருக்கிறது என்று விளக்குப் பிடித்துக் காட்டியதுபோல இருந்தது.

இரவு அழைப்புகளில் அவர் சொன்னவையும் ஆய்வுக்கான தரவு அல்ல. இதில் விவாதத்துக்கே இடமில்லை.

இனி உங்கள் நெறியாளர். அவர்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கிறது, கடிதத்தில் தெரிகிறது. பாதி நியாயமான கோபம். ‘துண்டி’ என்பது, துணையை இழந்து தவிக்கிறவரைப் பற்றி ஆய்வு செய்யப்போய், அவருக்கு இன்னொரு இழப்பைக் கொடுத்துவிட்டு வருவது. ‘நீக்கு’ என்பது பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் நான்கு முறை உட்கார்ந்து தன் வாழ்க்கையின் மிக மோசமான வருடங்களைச் சொன்னவரைக் கேட்காமலே, ‘உங்கள் பேச்சு எங்களுக்குத் தேவைப்படவில்லை’ என்று சொல்வதற்கு ஒப்பானது அது. விலகும் உரிமை அவருடையது. அதை நெறியாளர் எடுத்துக்கொள்ள முடியாது.

மற்றப் பாதியில் நெறியாளர் சொல்வது சரி. நீங்கள் இப்போது இரண்டு வேடத்தில் இருக்கிறீர்கள், உள்ளேயிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது. 1971இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிலிப் சிம்பார்டோ நடத்திய சிறைச்சாலைச் சோதனையை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். மாணவர்களில் சிலரைக் காவலர்களாகவும் சிலரைக் கைதிகளாகவும் நடிக்கவைத்த சோதனை அது. பொதுவாக அதைக் காவலர்களின் கொடுமைக் கதையாகச் சொல்லுவார்கள். எனக்கு அதில் எப்போதும் உறுத்துவது வேறு. ஆய்வின் தலைவரே சிறைக் கண்காணிப்பாளராகவும் இருந்தார். மாணவர்கள் உடைந்துபோவதைப் பார்த்தபோது, அவர் கண்காணிப்பாளராகவே யோசித்தார். இரண்டு வாரம் நடக்க வேண்டியதை ஆறு நாளில் நிறுத்தவைத்தது, சோதனையில் பங்கில்லாமல் பார்க்க வந்த கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற இளம் உளவியலாளரின் எதிர்ப்பு. வெளியிலிருந்து வந்த ஒரு கண் போதுமானதாக இருந்தது. உங்களுக்கு அந்தக் கண் நெறியாளர்தான், அவர் வார்த்தை கரடுமுரடாக இருந்தாலும். திரும்பிப் போய் அவரிடம் பேசுங்கள். இருவருமாகச் சேர்ந்து நெறிமுறைக் குழுவுக்கு நடந்ததை எழுதுங்கள். குழு தலையை வாங்கிவிடாது. தானாக வந்து சொல்கிறவரிடம் நாங்கள் மென்மையாகத்தான் இருப்போம். மூன்றாம் ஆள் மூலமாகத் தெரியவரும்போதுதான் கடுமை காட்டுவோம்.

நெருக்கமே கூடாது என்று சொல்பவன் இல்லை நான். 1981இல் ஆன் ஓக்லி என்ற சமூகவியலாளர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண்களை நேர்கண்ட அனுபவத்தை வைத்து எழுதியபோது, பாடநூல்கள் சொல்லும் ‘விலகி நிற்கும் நேர்காணல்’ நடைமுறைக்கு உதவாது, நேர்மையானதும் இல்லை என்று வாதிட்டார். அந்தப் பெண்கள் திருப்பிக் கேள்வி கேட்டார்கள். அவர் பதில் சொன்னார். சிலர் நண்பர்களாகவும் ஆனார்கள். அவர் சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால் குழந்தை பிறக்கப்போகிற பெண்ணுக்கு முன்னால் ஒரு புது வாழ்க்கை இருக்கிறது. ஆய்வாளர் போனாலும் அது நிற்காது. உங்கள் பங்கேற்பாளரின் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. அங்கே நுழைகிறவர் எந்தப் பெயரில் நுழைந்தாலும் இடத்தை நிரப்பிவிடுவார்.

நிரப்பிவிட்டு வெளியேறினால் என்ன ஆகும் என்பதற்கு உளவியல் வரலாற்றில் ஒரு கதை உண்டு. 1970இல் கலிஃபோர்னியாவில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி மீட்கப்பட்டாள். பிஞ்சு வயதிலிருந்து ஓர் அறையில் அடைத்துவைக்கப்பட்டிருந்தவள், பேசத் தெரியாதவள். அடையாளத்தை மறைக்க அவளை ‘ஜீனி’ என்று அழைத்தார்கள். பேச்சு எந்த வயதுவரை வரும் என்ற பெரிய கேள்விக்கு அவளிடம் விடை இருக்கும் என்று அறிஞர்கள் கூடினார்கள். அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் நிதி கொடுத்தது. ஆய்வுக் குழுவை நடத்திய உளவியலாளரின் வீட்டிலேயே வளர்ப்புப் பிள்ளையாக அவள் சுமார் நான்கு ஆண்டுகள் இருந்தாள். சொற்களைக் கற்றாள், சைகைகளைக் கற்றாள். 1974இல் நிதி நின்றுபோனது. 1975இல் அந்த வீட்டை விட்டுப் போனாள். கொஞ்ச நாள் தாயிடம், பிறகு ஒரு வளர்ப்பு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு. அவற்றில் சிலவற்றில் அவளை மீண்டும் கொடுமைப்படுத்தினார்கள். பேச்சு மறுபடியும் அடங்கிப்போனது. அளவுக்கு மீறிச் சோதித்தார்கள் என்று தாய் வழக்கும் தொடுத்தார்.

அந்த வீட்டார் பாசமில்லாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பாசம் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் எந்த உரிமையில் அவளோடு இருந்தார்கள் என்பது அவர்களுக்கே தெளிவாக இல்லை. பெற்றோரா, சிகிச்சை தருகிறவர்களா, ஆய்வாளர்களா? ஆய்வாளர் என்றால் நிதி நின்றதும் போகலாம். பெற்றோர் என்றால் போக முடியாது. அந்தக் குழப்பத்துக்கு விலை கொடுத்தது அந்தச் சிறுமி.

உங்கள் கதை அந்த அளவுக்குப் பெரிதில்லை. என் கதையும் பெரிதில்லை, ஆனாலும் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. விபத்தில் கையை இழந்து, இல்லாத கையில் வலியோடு இருந்தவர்களைப் பற்றிய ஓர் ஆய்வில் உதவியாளனாக இருந்தேன். ஒருவரை எட்டு முறை பார்த்தேன். வலி வரும்போதெல்லாம் நேரத்தையும் இடத்தையும் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருந்தோம். எட்டாவது முறை, வேலை முடிந்தது. எழுந்தேன். விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்ல நம் நாக்கு வராதே. “வருகிறேன்” என்றேன்.

பதினொரு மாதம் கழித்து வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, அவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். அது தீர்ந்து, சொந்தமாக இரண்டாவது ஒன்று வாங்கி, அதுவும் பாதி தீர்ந்திருந்தது. இடது கையால் எழுதப் பழகியவரின் கோணல் எழுத்து. ‘காலை 4.10. சுண்டுவிரல்.’ ‘மதியம். மறுபடியும் சுண்டுவிரல். யாரோ முறுக்குவதுபோல்.’ நாள் தவறாமல். “நீங்கள் வருகிறேன் என்றீர்களே” என்றார். ஆய்வு முடிந்து, அறிக்கை அச்சாகி, எல்லாம் ஆகிவிட்டிருந்தது. ஆர்ன் கொடுத்த தாள்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுப் புத்தகம்தான் கண்முன் வரும்.

அதனால் உங்கள் ஐந்தாவது நேர்காணலில், ‘இதுதான் கடைசி’ என்பதை முடிவில் சொல்லாதீர்கள், தொடக்கத்தில் சொல்லுங்கள். முன்னதாகத் தொலைபேசியிலும் சொல்லியிருங்கள். இதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள் (எழுத உட்காருவீர்கள், ஓராண்டோ கூடவோ ஆகலாம்), அவர் சொன்னவை எங்கே வைக்கப்படும், எப்போது அழிக்கப்படும், முடிவுகளைப் படித்துப் பார்க்க அவருக்கு விருப்பமா என்பதெல்லாம் அப்போதே பேசப்பட வேண்டியவை. கிளம்பும்போது நாக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரவு அழைப்புகளை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். நிறுத்தவும் கூடாது. பகலில் ஒருநாள் நீங்களே கூப்பிட்டு, “இரவில் பேசுவது எனக்குப் பிடிக்காமல் இல்லை அம்மா. ஆனால் நான் உங்களைப் பற்றி எழுதப்போகிறவள். எழுதி முடிக்கும்வரை இப்படிப் பேசுவது உங்களுக்கு நியாயமாக இருக்காது” என்று சொல்லுங்கள். ஆய்வு விஷயமாகப் பேச வாரத்தில் ஒரு பகல் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். இழப்புத் துயருக்கு ஆலோசனை தருகிற ஒருவரின் எண்ணை வெறுமனே கொடுத்துவிட்டு நகராமல், அவர் சம்மதித்தால் முதல் அழைப்பை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். ஆய்வைச் சிகிச்சை என்று பங்கேற்பாளர் நம்பிவிடுவதைப் பற்றி 1982இல் பால் அப்பல்பாமும் அவருடைய சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். மருத்துவ ஆய்வுகளில் இன்றும் அதுவே பெரிய தலைவலி. மருந்தே இல்லாத உங்கள் ஆய்வில் நீங்களே மருந்தாகிவிட்டீர்கள். அவரை மருந்தில்லாமல் விட்டுவிடக்கூடாது, நீங்களே தொடர்ந்து மருந்தாகவும் இருக்கக்கூடாது.

ஒரு விதிவிலக்கு. எந்த இரவிலாவது, இனி இருந்து என்ன பயன் என்ற தொனியில் அவர் பேசினால், இந்தக் கடிதத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். நேராகக் கேளுங்கள், வீட்டாரையோ அவசர உதவியையோ வரவழையுங்கள், பிறகு நெறியாளரை எழுப்புங்கள். இப்படி ஒரு நிலையில் ரகசியம் காக்க முடியாது என்பது உங்கள் ஒப்புதல் படிவத்தில் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

ஆய்வு முடிந்த பிறகு பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையில், தம் அதிகாரத்துக்குக் கீழ் இருப்பவர்களைத் தம் நலனுக்குப் பயன்படுத்திக்கொள்ளக்கூடாது என்ற விதி 3.08, நோயாளிகளையும் மாணவர்களையும் குறிப்பிடும் அதே மூச்சில் ஆய்வுப் பங்கேற்பாளரையும் குறிப்பிடுகிறது. சிகிச்சை பெற்றவரோடு உடலுறவு என்றால், சிகிச்சை முடிந்து குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குக் கூடாது, அதற்குப் பிறகும் மிக அபூர்வமாகத்தான் என்று தனி விதியே உண்டு. ஆய்வில் பங்கேற்றவரோடு நட்புக்கு அப்படி ஓர் எண் எதுவும் இல்லை. எண் இல்லாததால் உங்கள் விவேகத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஆனால் விதி 3.05இல் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தொழில்முறை உறவு நடந்துகொண்டிருக்கும்போதே, பின்னால் வேறோர் உறவு வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுப்பதும் இரட்டை உறவுதான் என்கிறது அது. எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது. ‘எல்லாம் முடியட்டும் அம்மா, பிறகு அடிக்கடி வந்து பார்க்கிறேன்’ என்று நீங்கள் இப்போது சொன்னால், ஐந்தாவது நேர்காணலுக்கு நீங்கள் கொடுக்கிற கூலி அது. எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத அளவுக்குப் பெரிய கூலி.

இப்போது வாக்குக் கொடுக்காதீர்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, அவரைப் பற்றி இனி ஒரு வரியும் எழுதமாட்டேன் என்ற நிலைக்கு வந்த பிறகு, போய்ப் பார்க்கத் தோன்றினால் போய்ப் பாருங்கள். அதற்குள் அவருக்கு வேறு துணைகள் அமைந்திருக்கலாம். உங்களைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லாமலும் போயிருக்கலாம். தன் மிக மோசமான நாட்களை அறிந்தவரைத் தவிர்க்க நினைப்பது சகஜம். அப்போது கதவு திறக்காவிட்டால் மனம் நோகாமல் திரும்பி வர முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால், இந்த உறவு யாருக்கு அதிகம் தேவைப்படுகிறது என்பது தெரிந்துவிடும்.

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பள்ளியில் படிக்கும்போதே அம்மாவை இழந்தேன் என்று ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் இறப்பதையும் அதற்குப் பிறகு மற்றவர் வாழ்வதையும் ஆய்வுப் பொருளாக நீங்கள் எடுத்தது தற்செயலாக இருக்க முடியாது. நம்மில் பலர் அப்படித்தான் தலைப்பைத் தேர்ந்தெடுக்கிறோம், வெளியில் வேறு காரணம் சொல்லுகிறோம். அந்த ஒரு வரியைப் பேச உங்களுக்கும் ஓர் ஆலோசகர் வேண்டும். அந்த அம்மா அதற்கான ஆள் இல்லை. அவருக்கே போதுமான சுமை இருக்கிறது.

நெறியாளரிடம் பேசிய பிறகு என்ன ஆனது என்று எழுதுங்கள். அடுத்த முறை எழுதும்போது அவர் வாசலில் சொன்னதை எனக்கும் எழுத வேண்டாம். அது நீங்கள் எனக்குத் தரக்கூடிய பொருள் இல்லை. உங்கள் கடிதத்தில் அவர் கணவர் பார்த்த வேலையும், வீடு இருக்கும் தெருவின் பெயரும், பிள்ளைகள் எத்தனை பேர் என்பதும்கூட இருந்தன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் மேலே அச்சிட்டிருக்கிறேன். கடிதத்தின் மூலப்படியைக் கிழித்தாயிற்று. உங்களிடம் ஒரு பிரதி இருந்தால் அதையும் கிழித்துவிடுங்கள்.